கிராஃபீன் கலந்த பிளாஸ்டிக் தகடு: கலவைக்கும் சோதனைக்கும் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். வியாசர்பாடியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். மின்னணுக் கருவிகளுக்கான பெட்டிகள்தான் முக்கிய வேலை. மின்காந்தக் குறுக்கீட்டை (வெளி அலைகள் கருவியின் வேலையைக் கெடுப்பதை) தடுக்க இதுவரை உட்புறம் நிக்கல் பெயின்ட் அடித்தோம். எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் இருக்கும் பெட்டிகளில், ஸ்க்ரூ போடும் மூலைகளில் அது உரிந்துவிடுகிறது. அதனால் பெட்டி செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலேயே, மின்சாரம் கடத்தும் மிக மெல்லிய கார்பன் அடுக்குகளான கிராஃபீனைக் கலந்து பார்க்கிறோம்.

சிக்கல் கலவையில்தான். கிராஃபீன் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தகட்டை உடைத்தால் வெட்டுமுகத்தில் கடுகு கடுகாகக் கறுப்புக் கட்டிகள். மல்டிமீட்டர் ஓர் ஓரத்தில் சில கிலோ ஓம் காட்டுகிறது. அரை சாண் தள்ளி வைத்தால் ஒன்றுமே இல்லை. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தகடு முழுக்கத் தொடர்ந்தால்தானே மின்சாரம் ஓடும், அலையும் தடைபடும்! ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் (இரண்டு திருகுகள் சுழன்று பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் இயந்திரம்) இதை ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: முதலில் மாஸ்டர்பேட்ச் (கிராஃபீன் அதிகம் சேர்த்த அடர்கலவை) செய்துவிட்டுக் கலப்பது நல்லதா? ஸ்க்ரூ வேகத்தைக் கூட்டினால் கட்டி உடையும், ஆனால் அடுக்குகளும் நொறுங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அப்புறம் சோதனை. 20 டெசிபெல் என்றால் அலையின் திறனில் 99 சதவீதம் தடைபடும்; எங்களுக்கு 30 வேண்டும், அதாவது 99.9. முழுப் பெட்டியைச் சோதிக்கத் தரமணியில் சமீர் (SAMEER) என்ற அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதற்கு முன், சின்னத் தகட்டை அலைநடத்தியில் (நுண்ணலை செல்லும் உலோகக் குழாய்) வைத்து, 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை நெட்வொர்க் அனலைசரில் (அலை எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் கருவி) அளந்து தர முடிந்தவர்கள் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கிறீர்களா? பிரதிபலிப்பு எவ்வளவு, உறிஞ்சல் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். கட்டணம் கொடுத்துவிடுகிறோம், தகட்டையும் நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.