அரிச்சல்முனையில் பார்த்த பெரிய கடற்காகம்: ஒரே இனமா, இரண்டா?

கேள்வி: ராமநாதபுரத்தான்

வணக்கம். பறவை பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. டிசம்பர் கடைசியில் மாமா வீட்டாரோடு தனுஷ்கோடி போயிருந்தேன். அரிச்சல்முனைக்குக் கொஞ்சம் முன்னால், சாலைக்கு வடக்கே சேற்றுத் திட்டில் நூறு கடற்காகங்களாவது நின்றன. எல்லாம் பழுப்புத்தலை கடற்காகம், அது எனக்குத் தெரியும். நடுவில் ஒன்று மட்டும் கோழிகளுக்கு இடையே வான்கோழி நிற்பது போல நின்றது. வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் அழுக்கு அப்பியது போலக் கறுப்பு. தடித்த மஞ்சள் அலகு, நுனிக்கு அருகே கறுப்புப் பட்டை. கால் மஞ்சள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அதே இடம், அதே பருமன், ஆனால் தலை முழுக்க மை பூசியது போலக் கறுப்பு! இவை இரண்டு இனங்களா? முதலில் பார்த்தது ஹியூக்ளின் கடற்காகம் என்கிறான் நண்பன். இது நம் கரையில்தான் முட்டையிடுகிறதா?

பதில்: கோடியக்கரைக்காரன்

தம்பி, இரண்டும் ஒரே இனம்தான். பல்லாஸ் கடற்காகம். பெரிய கருந்தலை கடற்காகம் என்றும் சொல்வார்கள். குளிர்காலத்தில் தலைக் கறுப்பு உதிர்ந்து, கண்ணைச் சுற்றியும் பின்னாலும் மட்டும் கறை போல நிற்கும். ஜனவரி, பிப்ரவரியிலேயே புதுக் கறுப்பு இறகு முளைத்துவிடும். ஊர் திரும்பும் முன்பே கல்யாணக் கோலம் போட்டுக்கொள்ளும் பறவை இது. நீங்கள் போன இரண்டு தடவைக்கும் இடையில் அதுதான் நடந்திருக்கிறது.

ஹியூக்ளின் இல்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், அதன் முதுகு நல்ல அடர் சாம்பல். கீழ் அலகில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும், வளர்ந்த பறவைக்குக் கறுப்புப் பட்டை இருக்காது. கண்ணும் வெளிர் நிறம். பல்லாஸுக்கு முதுகு வெளிர் சாம்பல், கண் கறுப்பு, கண்ணுக்கு மேலும் கீழும் பிறை போல வெள்ளை. உங்கள் படத்தைப் பெரிதாக்கி அந்தப் பிறையைத் தேடுங்கள். நெற்றியையும் பாருங்கள், சரிவாக இறங்கி நேரே அலகில் போய் முடியும். நிறம் மாறினாலும் அந்த முகவாகு மாறாது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முட்டையிடுவது இங்கே இல்லை. கருங்கடல் பக்கமிருந்து காஸ்பியன், கசகஸ்தான், மங்கோலியா வரை உள்ள ஏரித் தீவுகளில், வெறும் தரையில் கூட்டமாகக் கூடு கட்டும். சீனாவின் சிங்ஹாய் ஏரியில் இதுவும் பழுப்புத்தலையும் இரண்டுமே குஞ்சு பொரிக்கின்றன. பெரும்பாலும் கடலையே காணாத நடு நிலத்தில் பிறந்துதான் நம் கடலுக்கு வருகிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவின் பெரிய ஆறுகளிலும் அணைகளிலும்கூடப் பார்க்கலாம்.

பதில்: பாம்பன் கரை

எங்கள் வீட்டில் இவை எல்லாமே கடல் காக்காதான். ஆலா மட்டும் தனி, வால் பிளந்து ஒல்லியாக இருக்கும். இந்தப் பெரிய காக்கா கரைவலை இழுக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும். அவசரப்படாது. சின்னது ஒன்று காரலைக் கவ்விக்கொண்டு எழும்பியதும் பின்னாலேயே துரத்தும். சின்னது மீனைக் கீழே போட்டுவிடும், இது எடுத்துக்கொள்ளும். ஒருமுறை என் காலுக்குப் பத்தடி தூரத்தில் நண்டைப் புரட்டிப் போட்டு வயிற்றுப் பக்கம் கொத்தியதைப் பார்த்தேன். அலகு அவ்வளவு கனம்.

பதில்: கோடியக்கரைக்காரன்

அருமை அண்ணா. அதன் விஞ்ஞானப் பெயருக்கே மீன் கழுகு என்றுதான் பொருள். 1773இல் பல்லாஸ் என்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் வைத்தது.

ராமநாதபுரத்தான்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறை இருக்கிறது! டிசம்பர் படத்திலும் மங்கலாகத் தெரிகிறது. இரண்டு நாளாக இதே யோசனை, இப்போதுதான் நிம்மதி. இன்னொரு சந்தேகம். பக்கத்திலேயே அதே உயரத்தில் கழுத்தில் பழுப்புத் திட்டுகளோடு ஒன்று நின்றது. பறக்கும்போது வெள்ளை வாலின் நுனியில் பளிச்சென்று கறுப்புப் பட்டை.

பதில்: கோடியக்கரைக்காரன்

அது இதன் இளம் பறவை. முழு வளர்ச்சிக்கு நாலு வருடம் பிடிக்கும். வளர்ந்தது பறந்தால் இறக்கை நுனியைப் பாருங்கள், பெரும்பாலும் வெள்ளை, ஓரமாகக் கறுப்புக் கீற்று. ஹியூக்ளினுக்கு நுனி கறுப்பாகத்தான் தெரியும்.

ஒரு வேண்டுகோள். படம் எடுக்கத் திட்டுக்குள் இறங்காதீர்கள், வண்டியையும் இறக்க வேண்டாம். அவ்வளவு தூரம் திரும்பிப் பறக்க வேண்டிய உடம்பு, சும்மா சும்மா எழுப்பினால் வீணாகக் களைத்துப்போகும். சாலையோரம் நின்று பைனாகுலரில் பாருங்கள், காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மார்ச் கடைசிக்குள் இன்னொரு தடவை போய்விடுங்கள்.