குசினில மூண்டு சுவருக்கு நடுவுல கிரனைட், கால் இல்லாம நிக்குமா? உதவி வேணும்

உப்புவெளி மகள்:
வணக்கம். எங்கட வீடு உப்புவெளில, கடலுக்குக் கிட்ட. குசினில ஒரு இடம் மூண்டு பக்கமும் சுவர், முன்பக்கம் மட்டும் திறப்பு, அதுல சமையல் மேடையா 20 மில்லிமீற்றர் கிரனைட் 2 அடி அகலத்துல போடப்போறம். அம்மாக்கு முழங்கால் ஏலாது, கதிரையில இருந்தபடி மரக்கறி வெட்டோணும், அதான் கீழ காலோ கட்டோ வேண்டாம் எண்டு நிக்கிறன். வீட்டு வேலை செய்யிற பாஸ் கல்லைத் தாங்கச் சுவருல ஆங்கிள் அயன் (L வடிவ இரும்பு) அடிக்கப் பார்த்தார், வலப்பக்கம் 4 இஞ்சி ஓட்டைக் கல்லுச் சுவர், ரவல் பிளக் போட்டு ஸ்குருவ இறுக்க இறுக்கச் சும்மா சுத்துது, பூச்சும் கொட்டுது. மற்றது உள்ளுக்க அகலம் 7 அடி 2 இஞ்சி, முன்பக்கம் அளந்தா முக்கால் இஞ்சி குறையுது. கல்லு இன்னும் வெட்டக் குடுக்கேல்ல. என்ன செய்யலாம்?

மேசன் அண்ணா:
வெட்டக் குடுக்காதது நல்லதாப் போச்சு தங்கச்சி. உங்கட கல்லு மட்டும் 70 கிலோ வரும், அதுக்கு மேல கிரைண்டர், பானை, ஆக்கள் கை ஊண்டுற பாரம். பக்கச் சுவர் ரெண்டும் நுனியத்தான் பிடிக்கும், நடுவுல முன் விளிம்பு எந்தச் சுவருக்கும் எட்டாது, வெடிச்சா அங்கதான் வெடிக்கும். 20 மில்லிக் கல்ல 2 அடிக்கு மேல தாங்கல் இல்லாம நான் விடமாட்டன். பின்சுவர் என்ன சுவர்?

உப்புவெளி மகள்:
பின்சுவர் 6 இஞ்சி, தட்டினா கெட்டியாத்தான் சத்தம் கேக்குது அண்ணா.

மேசன் அண்ணா:
அப்ப பாரத்தைப் பின்சுவருக்குக் குடுங்கோ. முக்கோண இரும்புக் கை மூண்டு, 21 இஞ்சிக்கு ஒண்டு, முன் விளிம்புக்கு 4 இஞ்சி உள்ளுக்க நிக்கட்டும். சாய்வுக் கம்பி சுவரோட ஒட்டிக் கிடந்தா முழங்கால் இடிக்காது. மேல் போல்ட்தான் இழுபடும், அதுக்குக் கெமிக்கல் அங்கர் (ஓட்டைக்குள்ள பசை விட்டு போல்ட்ட ஒட்டுறது) போடுங்கோ. ஓட்டைச் சுவருக்கு ரவல் பிளக் சரிவராது, போல்ட்ட மற்றப்பக்கம் வரைக்கும் விட்டு அங்க தகடு வச்சு இறுக்கோணும்.

நிலாவெளித் தம்பி:
அண்ணா, கம்பி கட்டிக் கொங்கிறீற் தட்டு ஊத்தினா வேலை லேசு தானே?

மேசன் அண்ணா:
3 இஞ்சி ஊத்தினாலும் 240 கிலோ வரும் தம்பி, அதுக்குச் சுவருல படுக்கைக் காடி (நீளப் பள்ளம்) வெட்டோணும், 4 இஞ்சி ஓட்டைக் கல்லுல அப்பிடி வெட்டினா சுவரே போயிடும். வேண்டாம்.
தங்கச்சி, அந்த முக்கால் இஞ்சி இருக்கே, அதுதான் கனபேர் மாட்டுற இடம். உள் அளவுக்கு வெட்டின கல்லு வாசலுக்குள்ளயே போகாது. கல்லு வைக்கிற மட்டத்துல மட்டும் ரெண்டு பக்கமும் பூச்சை அரை இஞ்சி கொத்தி எடுங்கோ, காட்போட் வெட்டி வச்சுப் பாத்து அதையே கல்லுக்கடைக்குக் குடுங்கோ. கல்லு உள்ள போனாப்பிறகு பூசி விடலாம், சுவர் ரைல்ஸ் அதுக்குப் பிறகுதான். தூக்கேக்க நிமித்தித் தூக்கோணும், படுக்க வச்சுத் தூக்கினா தன்ர பாரத்துலயே வெடிக்கும்.

உவர்மலை அக்கா:
உயரத்தை ஒருத்தரும் கேக்கேல்ல. 3 அடி உயரம் நிண்டு சமைக்கத்தான், கதிரையில இருந்தா அம்மான்ர தோள் கடுத்துப் போயிடும். சாப்பாட்டு மேசை மாதிரி 29, 30 இஞ்சி வையுங்கோ. இல்லாட்டி கல்லு 3 அடில இருக்கட்டும், கீழ இழுத்து எடுக்கிற பலகை ஒண்டு போடுங்கோ. இன்னொண்டு, கடல் காத்துக்கு வெறும் இரும்பு கெதியா ஊதிப்போகும், எங்கட யன்னல் கம்பில பாத்தனான். கையெல்லாம் கடையில வெல்ட் பண்ணி முடிச்ச பிறகு கல்வனைஸ் (நாகப் பூச்சு) முக்கி எடுப்பியுங்கோ, கல்வனைஸ் பண்ணினதுக்கு மேல வெல்ட் வச்சா அந்த இடத்துல பூச்சு எரிஞ்சு முதல்ல அங்கதான் துரு ஏறும்.

உப்புவெளி மகள்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவக் கதிரையில இருத்தி அளந்தன் அக்கா, முழங்கைக்கு 27 இஞ்சி, அதால பலகை தான் போடுறன். பாஸ் நாளைக்குப் பூச்சுக் கொத்த வாறார், காட்போட்டுக்கு பழைய பிரிட்ஜ் பெட்டி கிடக்கு.