தளியில் மாடி அறைகளை நாள் வாடகைக்கு விட யாரிடம் அனுமதி வாங்கணும்?

தளிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஓசூர் பக்கத்துல இருக்கற தளியில, தோட்டத்தை ஒட்டின வீடு. கீழே நானும் மாமியாரும் இருக்கோம், மாடியில ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. சனி, ஞாயிறு தங்கறதுக்கு பெங்களூர்க்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தர் லைசென்ஸே தேவையில்லைங்கறார், இன்னொருத்தர் லாட்ஜ் லைசென்ஸ் வாங்கணுங்கறார். முறைப்படி செய்யணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கறது?

ஓசூர் மாடிவீடு:
அக்கா, நீங்க அதே வீட்ல குடியிருக்கீங்க பாருங்க, அதுதான் முக்கியம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஹோம்ஸ்டே (குடியிருக்கற வீட்லயே விருந்தாளிக்கு ரூம் விடறது) திட்டத்துல முதல் நிபந்தனையே வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வசிக்கணுங்கறதுதான். ஒரு ரூம்ல இருந்து ஆறு ரூம் வரைக்கும் விடலாம், 12 படுக்கைக்கு மேல கூடாது. வந்து பார்த்துட்டு கோல்டு, சில்வர்னு தரம் கொடுப்பாங்க. கிருஷ்ணகிரியில மாவட்ட சுற்றுலா அலுவலரைப் பார்த்துட்டு, அப்புறம் ஊராட்சியில எழுத்துல கேளுங்க. வாய்வார்த்தையா சொன்னதை நம்பி பணம் போடாதீங்க.

ரிஜிஸ்டர் நோட்டு கட்டாயம் வைங்க. பேர், விலாசம், வண்டி நம்பர், ஐடி நகல், வந்த நேரம், போன நேரம். வெளிநாட்டுக்காரர் வந்தா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதியணும். எங்க வீட்டுக்கு கம்பெனி மெஷின் மாட்ட வர்ற வெளிநாட்டு இன்ஜினியர்கள் ராத்திரி லேட்டாதான் வருவாங்க. எவ்வளவு களைப்பா இருந்தாலும் பாஸ்போர்ட், விசா பக்கங்களை வாங்கி போட்டோ எடுத்துட்டுதான் சாவி கொடுப்பேன். காலையில கேட்டுக்கலாம்னு விட்டா அவர் ஆறு மணிக்கே கிளம்பிடுவார்.

சாப்பாடு போடறதா இருந்தா உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி, வருஷத்துக்கு 100 ரூபாய். ஏர்பிஎன்பி மாதிரி, ரூம் புக் பண்ற இணையதளம் வழியா புக்கிங் வந்து, நமக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லைன்னா ரூம் வாடகைக்கான வரியை அந்தத் தளமே கட்டணும்.

தர்மபுரி பையன்:
என் தங்கச்சி நியூயார்க்ல இருக்கா, அங்க இதைவிடக் கறார். 2023 செப்டம்பர்ல இருந்து 30 நாளுக்குக் குறைஞ்ச வாடகைக்கு மாநகராட்சியில பதிவு நம்பர் வாங்கியே ஆகணும். வீட்டுக்காரர் கூடவே தங்கியிருக்கணும், விருந்தாளி ரெண்டு பேருக்கு மேல கூடாது, உள் ரூம் கதவுக்குக்கூட பூட்டுப் போடக் கூடாதாம். பதிவு நம்பர் இல்லாத வீட்டுக்குத் தளங்கள் பணம் வாங்கவே முடியாது. முழு வீட்டையும் டூரிஸ்டுக்கே விட்டா, குடியிருக்க வர்றவங்களுக்கு வீடு கிடைக்காதுங்கறதுதான் காரணம். அந்த நியாயம் நம்ம ஊருக்கும் பொருந்தும்னு நினைக்கறேன்.

பென்னாகரத்துக்காரன்:
ஒகேனக்கல் ரோட்டுல இருக்கற எங்களுக்கு இது நல்லாத் தெரியும். எங்க தெருவுல ஒரு வீட்டுல ஓனரே இல்லை, சாவி மட்டும் கைமாறும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்பீக்கர். பரீட்சைக்குப் படிக்கற புள்ளைங்க தலையணையால காதை மூடிக்கிட்டு கிடக்குதுங்க. ஏன்னு கேக்கறதுக்கு அங்க ஒரு ஆள் வேணுமில்ல? நீங்க கீழேயே இருக்கீங்க, தைரியமா செய்ங்க. பக்கத்து வீடுகள்ல முன்கூட்டியே சொல்லி உங்க போன் நம்பரைக் கொடுத்துடுங்க.

தளிவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே கரண்ட் மீட்டர்தான். அதை என்ன செய்யறது?

ஓசூர் மாடிவீடு:
ஆள் வர்றதுக்கு முன்னாடியே ஈபி ஆபீஸ்ல மனு எழுதிக் கொடுத்துக் கேட்டுடுங்க அக்கா. வீட்டு இணைப்புல தொழில் நடக்குதுன்னு பின்னாடி அவங்களே கண்டுபிடிச்சா அபராதம் வரும். நான் மாடிக்குத் தனி மீட்டர் வாங்கிட்டேன்.