காவடி விரதமும் மூச்சு வாடையும்: கரையும் கொழுப்பு கல்லீரலில் என்ன ஆகிறது?

மலையடிவாசி, காத்ர் போர்ன், மொரீஷியஸ்:
அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடிக்காக இம்முறை பத்து நாளும் சோற்றைத் தொடாமல், இரவில் ஒரு கிண்ணம் அவித்த காய்கறியோடு நிறுத்திக்கொண்டேன். நான்காம் நாள் காலையில் என் தாயார், "என்னடா, நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் மாதிரி வாய் மணக்கிறது?" என்றார். அது கொழுப்பு கரைவதன் அடையாளம் என்கிறார் நண்பர். கொழுப்பு இருப்பது வயிற்றிலும் தொடையிலும். கொழுப்பிலிருந்து செய்யப்படும் எரிபொருளான கீட்டோன் உண்டாவதோ கல்லீரலில். அங்கே கரைவது இங்கே எப்படி வந்து சேர்கிறது? வந்து சேர்ந்தாலே கீட்டோன் ஆகிவிடுமா?

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:
தம்பி, தாயாரின் மூக்கு தப்பவில்லை, அது கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன்தான். கொழுப்புத் திசுவைப் பூட்டி வைத்திருப்பது இன்சுலின். விரதத்தில் அது குறைந்ததும், அங்குள்ள டிரைகிளிசரைடு என்னும் சேமிப்புக் கொழுப்பு கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரிந்து இரத்தத்தில் இறங்குகிறது. கொழுப்பு அமிலத்தை ஆல்புமின் என்னும் புரதம் சுமந்து வருகிறது. கிளிசரால் கல்லீரலில் குளுக்கோஸாகிறது.

உங்கள் இரண்டாம் கேள்விதான் கூர்மையானது. வந்ததெல்லாம் கீட்டோன் ஆகிவிடாது. வயிறாரச் சோறு உண்ட நேரத்தில் கல்லீரல் தானே கொழுப்பைக் கட்டிக்கொண்டிருக்கும். அந்த வேலையில் உண்டாகும் மலோனைல் கோ-ஏ என்னும் இடைப்பொருள், கொழுப்பு அமிலம் செல்லின் எரிபொருள் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் கார்னிட்டின் வாசலை அடைத்துவிடும். விரதத்தில் அந்த வாசல் திறக்க, உள்ளே கொழுப்பு அமிலம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு அசிட்டைல் கோ-ஏ என்னும் சிறு துண்டுகளாகக் குவிகிறது. அதனோடு சேர்ந்து எரியவேண்டிய ஆக்சலோ அசிட்டேட் என்னும் பொருள் குளுக்கோஸ் செய்யப் போய்விடுவதால், மிஞ்சியது அசிட்டோ அசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்னும் கீட்டோன்களாக மாறுகிறது. அசிட்டோ அசிட்டேட்டில் சிறு பங்கு தானே சிதைந்து அசிட்டோனாகி மூச்சில் போகிறது.

இத்தனையும் செய்யும் கல்லீரலால் கீட்டோனை உண்ண முடியாது. அதற்கான நொதி அதனிடம் இல்லை. பரிமாறுகிறவர் பட்டினி கிடக்கும் பந்தி இது. உண்பவை இதயம், தசை, மூளை. நீண்ட பட்டினியில் மூளையின் முதன்மை எரிபொருளே கீட்டோன்தான் என்று ஆய்வாளர் ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967இல் காட்டினார்கள்.

மலையடிவாசி:
மிக்க நன்றி ஐயா. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் என் தந்தையாரும் அடுத்த ஆண்டு இதே போல் இருக்க விரும்புகிறார்.

மருந்தாளுநர், போர் லூயி:
மாத்திரையின் பெயரை முதலில் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகையானால், உணவைக் குறைக்கும்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கீட்டோனால் இரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாகக்கூடும். குளுக்கோமீட்டரை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. கீட்டோனைச் சோதிக்கும் சிறுநீர்ப் பட்டையும் அசிட்டோ அசிட்டேட்டை மட்டுமே காட்டும், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டைக் காட்டாது. எனவே, விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரையை நிறுத்தும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். குமட்டலோ வேகமான மூச்சோ வந்தால், இரத்தத்திலேயே கீட்டோனைச் சோதிக்கச் சொல்லி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.