ரைஸ் மில்லில் விரல் போனவர்: இழப்பீட்டுக் காகிதங்களை எப்படி முடிப்பது?

அம்பை ரிசப்ஷன்:
அம்பாசமுத்திரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். பில், இன்சூரன்ஸ் காகிதம் எல்லாம் என் பொறுப்பு. போன வாரம் ரைஸ் மில் பெல்ட்டில் கை மாட்டி ஒருவர் வந்தார். வயது 40, மாதச் சம்பளம் 12,000. வலது ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. டாக்டர் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போட்டு போலீசுக்கும் தகவல் அனுப்பிவிட்டார். மில்லில் ஆறேழு பேர்தான், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லையாம். இப்போது மில் தரப்பில் ஒருவர் வந்து, "வீட்ல அடிபட்டதுன்னு டிஸ்சார்ஜ் சம்மரியை மாத்திக் கொடுங்க, பில்லை நாங்க கட்டிருதோம்" என்கிறார். ஊன சதவீதமும் இன்றைக்கே வேண்டுமாம். நோயாளியின் மனைவி பீடி சுற்றுகிறவர். "எங்களுக்கு ஏதும் கிடைக்குமாம்மா?" என்று தினமும் போன் செய்கிறார். என்ன செய்யலாம்?

பாளை பில்லிங்:
ஏ.ஆரில் இருப்பதை யாருக்காகவும் மாற்ற வேண்டாம் தங்கச்சி. அதில் மில், சம்மரியில் வீடு என்று இருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும், கேஸ் படுத்துவிடும். முதலில் பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் அங்கேயும் ஒரு ஏ.ஆர். இருக்கும், அந்த எண்ணையும் ஃபைலில் குறித்துவையுங்கள்.

பில் கட்டுவது மில்காரர் செய்கிற தயவு இல்லை. வேலையில் பட்ட காயத்துக்கு வைத்தியச் செலவை முதலாளி தர வேண்டும் என்று 2009-இலேயே திருத்தம் வந்துவிட்டது. ரசீதை நோயாளி பெயரிலேயே போடுங்கள்.

ஆள் கணக்கை நோயாளியிடமே கேளுங்கள். லோடு இறக்குகிறவர்களையும் சேர்த்தால் 10 வந்துவிடலாம். அப்படி வந்தால் இ.எஸ்.ஐ. வழிதான், இழப்பீட்டைத் தனியாகக் கேட்க முடியாது.

வண்ணார்பேட்டை வக்கீல் குமாஸ்தா:
அண்ணாச்சி சொன்னது சரி. சதவீதம் இன்றைக்கு வேண்டவே வேண்டாம், புண் ஆறட்டும். ஆள்காட்டி விரலுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே கணக்கு இருக்கிறது: எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் 5 சதவீதம், ஒரு கணு (விரல் எலும்பில் ஒரு துண்டு) போனால் 9, இரண்டு கணு 11, முழு விரல் 14. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

உங்கள் நோயாளிக்கே போட்டுப் பாருங்கள். 12,000-இல் 60 சதவீதம் 7,200. அதை 40 வயதுக்குச் சட்டத்தில் உள்ள காரணி (பெருக்க வேண்டிய எண்) 184.17-ஆல் பெருக்கி 5 சதவீதம் எடுத்தால் சுமார் 66,300 ரூபாய். 9 சதவீதம் என்றால் சுமார் 1,19,300. "நுனி அடிபட்டது" என்று மொட்டையாக எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு 53,000 ரூபாய் போச்சு. எந்தக் கணு வரை, எலும்பு போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

அம்பை ரிசப்ஷன்:
எக்ஸ்ரேயில் மேல்கணு எலும்பு முழுக்கப் போயிருக்கிறது, டாக்டர் அப்படியே எழுதிவிட்டார். மாற்ற முடியாது என்று மில்காரரிடமும் அவரே சொல்லிவிட்டார். நோயாளி வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஏதும் உண்டா?

வண்ணார்பேட்டை வக்கீல் குமாஸ்தா:
உண்டு. அரை மாதத்துக்கு ஒருமுறை, மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அவருக்கு 3,000. ஒவ்வொரு தடவை வரும்போதும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு என்று இடைவெளி விழாமல் சான்று கொடுங்கள். மில்லுக்கு எழுத்தில் நோட்டீஸ் உடனே போகட்டும். அப்புறம், சம்பளத்துக்கு அத்தாட்சி வேண்டும். கூலி நோட்டோ பேங்க் வரவோ எது இருந்தாலும் அந்த அம்மாவை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.