7700எக்ஸ் ஓவர்கிளாக் பில்டுக்கு 64 ஜிபி ரேம்: எதை எடுக்கலாம்?

வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் பிரிண்ட் டிசைன் செய்கிறேன். புது கம்ப்யூட்டருக்கு ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ் சிபியூ, பி650 மதர்போர்டு வாங்கியாயிற்று, ரேம்தான் பாக்கி.

பழைய மெஷினில் ரேம் எரர் வந்து, எட்டு கலர் செபரேஷன் ஃபைல் (பிரிண்டுக்காக நிறம் நிறமாகப் பிரித்தது) ஒன்று கெட்டுப்போனது. விடிய விடிய உட்கார்ந்து திரும்பச் செய்தேன். அதனால் வேகத்தைவிட எரர் வராமல் ஓடுவதுதான் எனக்கு முக்கியம்.

கோவையில் ஒரு கடையில் 16 ஜிபி நாலு போடச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த சிப்புக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் ரெண்டு ரேமுக்கு 5200 எம்டி/எஸ், நாலு போட்டால் 3600தான். ஆகவே 32 ஜிபி ரெண்டு என்று முடிவு செய்துவிட்டேன்.

குழப்பம் இதுதான்: 6000 சிஎல்30 எடுப்பதா, 6400 சிஎல்32 எடுப்பதா? (முதல் எண் வேகம்; சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் கிளாக் எண்ணிக்கை.) கணக்குப் போட்டால் இரண்டுமே பதில் தரும் நேரம் 10 நானோசெகண்ட். 6400 எல்லா சிப்பிலும் 1:1-ல் (சிபியூவின் மெமரி கன்ட்ரோலரும் ரேமும் ஒரே கிளாக்கில் ஓடுவது) நிற்பதில்லை. 6000 சிஎல்36 விலை குறைவு, ஆனால் 12 நானோசெகண்ட். டிசைன் வேலையில் அந்த வித்தியாசம் தெரியுமா?

இன்னொன்று, கூலரின் முன் ஃபேன் முதல் ஸ்லாட்டுக்கு மேலேயே வந்து நிற்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 41 மி.மீ. தான் இடம். லைட் வைத்த உயரமான ரேம் முட்டும்.

எங்கள் மாடி அறையில் ஏசி கிடையாது. சித்திரை வெயிலில் எக்ஸ்போ (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) போட்டு, சிபியூவையும் ஓவர்கிளாக் செய்து (வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டி), ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேம் எரர் சோதனை) ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால், எந்த ரேம், எத்தனை வோல்ட், எவ்வளவு சூடு என்று சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை வாங்கப் போகிறேன்.