பிரிண்ட் எடுக்காமல் பிடிஎஃப்பில் கையெழுத்துப் போடுவது எப்படி?

மேட்டுலயம்:
பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் ஓர் இடத்துக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. ஒவ்வொரு வேலைக்கும் 6 பக்க ஒப்பந்தம் பிடிஎஃப்பாக வரும். கையெழுத்து கேட்பதோ கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கோட்டில். அதற்காக பஸ் ஏறி டவுனுக்குப் போய், கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, திரும்ப ஸ்கேன் பண்ண அரை நாள் போய்விடும். போன கிழமை ஸ்கேன் பண்ணும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தாளோடு மழையில் வீட்டுக்கு வந்து பார்த்தால், ஜெல் பேனா மை கரைந்து என் பெயர் நீலத் திட்டாகக் கிடந்தது. போனில் படம் எடுத்து அனுப்பினேன், "தெளிவில்லை" என்று திரும்பி வந்தது.

போனிலேயே போட முடியுமா? சட்டப்படி செல்லுமா? இன்னொன்று: மாமா கட்டாரில் இருக்கிறார். கினிகத்தேனைக் காணியைப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுக்க வேண்டும். அதையும் இப்படியே முடிக்கலாமா?

ஹட்டன் கொமினிகேஷன்:
பதில் சொன்னால் எனக்குத்தான் நட்டம் தங்கச்சி, பரவாயில்லை. அடோபி ரீடரை இலவசமாக இறக்குங்கள். ஃபைலைத் திறந்து 'ஃபில் அண்ட் சைன்' போனால் விரலால் கையெழுத்திடலாம். விரல் கோணலாக ஓடினால், வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் போட்டுப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துச் சேருங்கள். கொப்பித் தாள் வேண்டாம், கோடும் சேர்ந்து வரும். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக இல்லாமல் டொக்கியுமெண்டாக அனுப்புங்கள்.

கோப்புக்காரர்:
ஒப்பந்தத்துக்குச் செல்லும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இதற்காகத்தான் வந்தது, 2017இல் திருத்தினார்கள். ஆனால் மரணசாசனம், காணி விற்பனை, அற்றோணித் தத்துவம் எல்லாம் அதற்கு வெளியே. மாமாவை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கொன்சியூலர் பிரிவைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம், விரலால் போடுவது வெறும் படம். யாரும் வெட்டி வேறு தாளில் ஒட்டலாம். இலத்திரனியல் சான்றிதழோடு போடும் டிஜிட்டல் கையொப்பம் வேறு. அதில் பின்னால் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஃபைலைத் திறக்கும்போது காட்டிக் கொடுத்துவிடும். லங்காசைன் போன்ற சேவைகள் தருவது அந்தச் சான்றிதழ்தான். உங்கள் வேலைக்குப் படமே போதும் என்று நினைக்கிறேன், கொழும்பில் எதற்கும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்துப் படத்தைக் கேலரியில் விட்டுவைக்காதீர்கள். சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் எப்போது அனுப்பினீர்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

மேட்டுலயம்:
நன்றி அண்ணே, இருவருக்கும். கேட்டேன், படம் போதுமாம். சிக்னல் கிடைக்கும் கோயில் படியில் உட்கார்ந்து 3 நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன். முதல் 2 தடவை கோழி கிண்டியது மாதிரி வந்தது, மூன்றாவதுதான் என் கையெழுத்து. பக்கத்தில் அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இம்புட்டுப் படிச்சும் கைநாட்டுதானா?"